கோடு போடாமல் விட்டவர்கள்

பத்துச் சிகரெட் பெட்டிகள் அடுக்கி வரும் நீள அட்டை உறையைப் பிரித்து விரித்தால் உட்பக்கம் வெள்ளையாக இருக்கும். 1992 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் பிரித்தானியப் பொதுத் தேர்தலின் முடிவை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். இடது பக்கம் தொழிற்கட்சி, வலது பக்கம் கொன்சர்வேட்டிவ், கீழே மூலையில் லிபரல் டெமோக்ரட். ஒருவர் சொன்னால் ஒரு கோடு. நான்கு கோடு விழுந்ததும் குறுக்கே ஒன்று.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மேற்கு லண்டனில் ஹேய்ஸ் என்ற இடத்தில், அக்ஸ்பிரிட்ஜ் வீதியில், ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. 207 பஸ் கடைக்கு முன்னால்தான் போகும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் நெஸ்லே தொழிற்சாலையில் கோப்பி வறுக்கும் வாசம் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தற்காலிக அனுமதிக் கடிதம் ஒன்று, மணிக்கு இரண்டரைப் பவுண் சம்பளம், ஏழு பேர் கூடியிருந்த வீட்டில் ஒரு பாதி அறை. இதுதான் அன்றைய என் சொத்து.

பதினொரு மணியானால் கதவைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு எல்லா வியாபாரமும் தடித்த கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரும்பு இழுப்பறை வழியாகத்தான். காசைப் போடுவார்கள், நான் என் பக்கம் இழுப்பேன், சிகரெட்டையோ பாலையோ வைத்து அவர்கள் பக்கம் தள்ளுவேன். ஒலிவாங்கி கரகரக்கும். முகம் பாதி தெரியும், மீதிப் பாதியில் கண்ணாடியில் விழும் என் முகமே தெரியும். இந்த வசதியில் நின்றுகொண்டு நான் நாட்டின் மனநிலையைக் கணித்தேன்.

என்னுடைய ஆங்கிலம் தேறட்டும் என்றுதான் கேட்கத் தொடங்கினேன். "யாருக்கு வாக்களிப்பீர்கள்?" என்பது சுலபமான கேள்வி, பதிலும் ஒரு சொல்லில் வந்துவிடும். சவுத்ஹோலில் இருந்து வரும் பஞ்சாபி வாடகைக்கார் ஓட்டுநர்கள், ஹீத்ரோவில் துப்புரவு வேலைக்குப் போகும் பெண்கள், தொழிற்சாலையின் இரவு முறை முடித்து வருபவர்கள் எல்லோரையும் கேட்டேன். மூன்று வாரத்தில் இடது பக்கம் நிரம்பி, அட்டையின் மடிப்பைத் தாண்டிப் போனது. வலது பக்கத்தில் கோடுகள் குறைவு. சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் "அதை ஏன் கேட்கிறாய்?" என்றார்கள். ஒருவர் "நான்கு நட்சத்திரம், ஐந்து பவுணுக்கு" என்று பெற்றோலை மட்டும் கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார். இவர்களுக்கு நான் கோடு போடவில்லை. பதில் சொல்லாதவரை எந்தப் பக்கத்தில் போடுவது?

வீட்டிலும் எல்லோரும் தொழிற்கட்சி வெல்லும் என்றே நம்பினோம். நாட்டில் பொருளாதார மந்தம். வட்டி வீதம் பத்தரை. கொன்சர்வேட்டிவ் கட்சி 1979இலிருந்து தொடர்ந்து ஆண்டு களைத்துப்போயிருந்தது. தலைவரி என்று ஆளுக்கு ஒரு வரி போட்டு, அதன் புண்ணியத்தில் மார்கிரட் தாட்சரே 1990இல் பதவி இழந்திருந்தார். அவருக்குப் பின் வந்த ஜோன் மேஜர் பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று, கையில் ஒலிபெருக்கியோடு சந்தையில் கத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தோம். கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலும் தொழிற்கட்சி சற்று முன்னால் நின்றது, அல்லது இரண்டும் சமமாக ஓடின. முந்தி நிற்பவனைவிட ஓரடி பின்னால் நிற்பவனுக்கு ஆட்கள் பலர் உண்டு என்று அப்போது எங்களுக்கு யார் சொல்வது?

எங்களுக்கு இரண்டு சொந்தக் காரணங்களும் இருந்தன. தொழிற்கட்சி குறைந்தபட்சச் சம்பளமாக மணிக்கு 3 பவுண் 40 பென்ஸ் தருவதாகத் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தது. எனக்கு அது மணிக்குத் தொண்ணூறு பென்ஸ் கூடுதல். மனதிற்குள் எத்தனையோ முறை பெருக்கிப் பார்த்துவிட்டேன். மற்றது அகதிச் சட்டம். 1991 நவம்பரில் அரசாங்கம் பாராளுமன்றத்தில் வைத்த புகலிட மசோதா, தேர்தலுக்காகப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதும் நிறைவேறாமலே செத்துப்போனது. அன்றிரவு எங்கள் வீட்டில் கொண்டாட்டம். "செத்தது இனி எழும்பாது" என்றார் எங்கள் அண்ணை.

அண்ணை பற்றிச் சொல்ல வேண்டும். வீடு அவர் பெயரில் வாடகைக்கு எடுத்தது. ஊரில் பாடசாலை எழுதுவினைஞராக இருந்தவர், படிவம் நிரப்புவதில் சூரர். யாருக்குக் கடிதம் வந்தாலும் அவர்தான் பிரிப்பார். அந்நாளில் ஒவ்வொரு ஒக்டோபரிலும் வாக்காளர் இடாப்புக்கான படிவம் வீட்டுக்கு ஒன்றாக வரும். வீட்டில் இருக்கும் தகுதியுள்ள எல்லோருடைய பெயரையும் ஒருவரே எழுதி அனுப்ப வேண்டும். அண்ணை தன் பெயரையும் இன்னொருவர் பெயரையும் மட்டும் எழுதினார். ஏழு பேர் என்று எழுதினால் ஏழு தலைவரி வரும் என்பது அவருடைய பயம். வீட்டுக்காரன் ஏழு பேர் இருப்பதை அறிந்துவிடுவான் என்பது அதைவிடப் பெரிய பயம். தலைவரிக்கு வேறு இடாப்பு, வாக்குக்கு வேறு இடாப்பு. ஒன்றில் பெயரை மறைத்தால் மற்றதிலிருந்து தப்பிவிட முடியாது. ஆனால் அந்தப் பயத்தில் நாடெங்கும் பெயரைக் கொடுக்காமல் இருந்தவர்கள் பலர் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். பயந்தது தமிழர் மட்டும் அல்லர்.

எங்களுக்கு வாக்கு உண்டு என்பதே எனக்கு மார்ச் மாதம் வரை தெரியாது. ஒரு சர்தார்ஜி ஓட்டுநர் இழுப்பறையில் சில்லறையைக் கொட்டிக்கொண்டே கேட்டார்: "நீ எந்த நாடு? இலங்கையா? பொதுநலவாய நாடுதானே, உனக்கும் வாக்கு இருக்கிறதே!" நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணையிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இருக்கிறதுதான். அதற்கு என்ன இப்போது?" என்றார். நேரம் கடந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன், யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது வழி இருந்திருக்குமோ என்ற எண்ணம் இன்றும் வருகிறது.

எனக்குத் தெரிந்த வாக்களிப்பு 1982 டிசம்பரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பு. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே நீட்டலாமா என்று கேட்டார்கள். நீட்டலாம் என்றால் விளக்கு, கூடாது என்றால் குடம். பதினான்கு வயதுப் பையனான நான் அப்பாவின் சைக்கிளில் முன்னால் இருந்து வாக்களிப்பு நிலையம் வரை போனேன். யாழ்ப்பாணம் குடத்துக்குக் குவித்தது. நாடு விளக்குக்குப் போய்விட்டது. அதனால் தேர்தலில் ஆச்சரியம் என்றால் கள்ள வாக்கு, அதட்டல், காணாமல் போகும் பெட்டி இவற்றால் வருவது என்றே எண்ணியிருந்தேன். யாரும் யாரையும் அதட்டாமல், பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தும், நாட்டில் பாதிப் பேர் வாயைப் பிளக்கும் முடிவு வரலாம் என்பது எனக்குப் புதிது.

ஏப்ரல் 9, வியாழன். விடியற்காலை பத்திரிகைக் கட்டுகள் வந்தன. கட்டியிருந்த நாடாவை வெட்டியதும் சன் பத்திரிகையின் முன்பக்கம். ஒரு மின்குமிழ், அதற்குள் தொழிற்கட்சித் தலைவர் நீல் கினொக்கின் தலை. இன்று கினொக் வென்றால், பிரித்தானியாவை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. எனக்கு உடனே விளக்கும் குடமும் ஞாபகம் வந்தது. இங்கேயும் விளக்கா என்று தனியே நின்று சிரித்தேன்.

ஐந்தரை மணிக்கு வழக்கம்போல வெள்ளை வான் வந்தது. அதை ஓட்டி வருபவர் சுவருக்குப் பூச்சுப் பூசும் வேலை செய்பவர். நகக்கண் எல்லாம் வெள்ளை. தினமும் ஒரு சன், ஒரு சிகரெட் பெட்டி. இரண்டு வருடமாக அரசாங்கத்தை அவர் திட்டாத நாளில்லை. வேலை இல்லை, வீட்டுக் கடனுக்கு வட்டி கட்ட முடியவில்லை, இவர்களை விரட்ட வேண்டும் என்பார். அவருக்கு நான் எப்போதோ இடது பக்கத்தில் கோடு போட்டுவிட்டேன். கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது?

அன்றிரவு பத்து மணிக்கு வேலைக்குள் நுழையவும் வாக்களிப்பு முடியவும் சரியாக இருந்தது. காசு மேசைக்குக் கீழே ஒரு சிறிய வானொலி. வாக்களித்து வெளியே வந்தவர்களைக் கேட்டு எடுத்த கணிப்பு, யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை, தொங்கு பாராளுமன்றம் என்றது. எனக்கு அது போதும். மேஜர் போனால் சரி. தேநீர் போட்டுக்கொண்டேன். பிறகு, நள்ளிரவுக்கு முன்பே, பசில்டன் முடிவு வந்தது. லண்டனுக்குக் கிழக்கே இருக்கும் நகரம். தொழிற்கட்சி ஆட்சிக்கு வர வேண்டுமானால் இப்படியான இடங்களை வென்றே ஆக வேண்டும் என்று அறிவிப்பாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் டேவிட் எமெஸ் 1,480 வாக்குகளால் தக்கவைத்துக்கொண்டார். வானொலியில் பின்னால் கேட்ட கூச்சல், கிரிக்கெட்டில் கடைசி விக்கெட் விழும்போது எழும் கூச்சல் போல இருந்தது. எனக்கு ஆங்கிலம் முழுவதும் விளங்காத காலம். ஆனால் அறிவிப்பாளரின் குரல் மாறியது விளங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காராக வந்தவர்கள் முடிவு என்ன என்று என்னிடம் கேட்டார்கள். நான் இழுப்பறையைத் தள்ளிக்கொண்டே சொன்னேன். ஓட்டுநர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணிக்கையை மேஜர் நெருங்க நெருங்க, நான் அட்டையை எடுத்து மடிப்பைத் தாண்டிய கோடுகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். எண்ணினால் கூடிவிடுமா! கொன்சர்வேட்டிவ் கட்சியின் நிர்வாகத் தலைவராக இருந்து இந்தப் போரை நடத்திய கிறிஸ் பற்றன், பாத் நகரத்தில் தன் சொந்த இடத்தைத் தோற்றார். கட்சியை வெல்ல வைத்துத் தான் தோற்ற அந்த மனிதரை மட்டும் அன்றிரவு எனக்குப் பிடித்துப்போனது. அவர் பிறகு ஹொங்கொங்கின் கடைசி ஆளுநராகப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வெள்ளை வான் வந்தது. அவர் பத்திரிகை கேட்டார். ஆறுதல் சொல்வது போல, "மோசம், இல்லையா?" என்றேன். அவர் காசை எண்ணி ஒவ்வொன்றாக இழுப்பறையில் வைத்தார். பிறகு கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார்: "வரி, தம்பி. அவர்கள் வரியை ஏற்றிவிடுவார்கள். வேறு வழியில்லை." நான் இழுப்பறையை இழுத்தேன். சில்லறை சரியாக இருந்தது. அவர் போன பிறகும் பூச்சுத் தூள் அதில் ஒட்டியிருந்தது.

இறுதிக் கணக்கு கொன்சர்வேட்டிவ் 336, தொழிற்கட்சி 271. பெரும்பான்மை 21. கொன்சர்வேட்டிவ் பெற்ற வாக்குகள் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேல். இன்றுவரை இங்கே எந்தக் கட்சியும் பெறாத தொகை. கினொக் பதவி விலகுவதாக அறிவித்தார். தேர்தலுக்கு எட்டு நாளுக்கு முன் ஷெஃபீல்டில் நடந்த பெருங்கூட்டத்தில் அவர் வென்றுவிட்டவர் போல ஆர்ப்பரித்ததால்தான் தோற்றார் என்று பின்னால் சொன்னவர்கள் ஏராளம். முன்னால் சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை. வெள்ளி இரவே லண்டன் நகரின் மையத்தில், பால்டிக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில், ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டு வெடித்து மூவர் இறந்தார்கள். நாடு தேர்தலை மறந்து வேறு பேச்சுக்குப் போனது. சனிக்கிழமை சன் பத்திரிகை மட்டும் தானே வெல்ல வைத்ததாக முன்பக்கத்தில் மார்தட்டியது.

அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகை கடைக்கு வந்தபோதுதான் எங்கள் சொந்தத் தொகுதியின் கணக்கைப் பார்த்தேன். நாட்டைக் கணித்துக்கொண்டிருந்தவனுக்கு, தான் நின்ற மண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. ஹேய்ஸ் அன்ட் ஹார்லிங்டன் தொகுதியில் கொன்சர்வேட்டிவ் உறுப்பினர் டெரி டிக்ஸ் வென்றிருந்தார். குடியேற்றம் பற்றிக் கடுமையாகப் பேசுவதற்குப் பேர்போனவர். தோற்றவர் தொழிற்கட்சியின் ஜோன் மக்டொனல். வித்தியாசம் 53.

ஐம்பத்து மூன்று வாக்கு. எங்கள் வீட்டில் பெயர் எழுதாதவர்கள் ஐந்து பேர். எங்களைப் போல ஆட்கள் நெருங்கி வாழ்ந்த வீடுகளை அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே விரல் மடித்து எண்ணினேன். தமிழர் வீடு, பஞ்சாபியர் வீடு, சோமாலியர் வீடு. இதில் சோமாலியருக்கு வாக்கில்லை என்று பிறகு அறிந்து அவர்களைக் கழித்தேன். எல்லோரும் ஒரே பக்கம் போட்டிருப்போம் என்று சத்தியம் செய்யமாட்டேன். எங்கள் ஐவரிலேயே ஒருவன் தாட்சர் பக்தன், இரும்பு மனுஷி என்று படம் ஒட்டி வைத்திருந்தவன். இருந்தாலும் அந்த 53 எனக்குள் முள்ளாக ஏறிவிட்டது. வேல்ஸில் ஒரு தொகுதியில் வித்தியாசம் வெறும் 19 என்று படித்தபோதும் முள் கொஞ்சம்கூட இளகவில்லை.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது வேலை கிடைத்ததா என்று அல்ல, பெயர் பதிந்தாயா என்றுதான். நியாயமான அனுமதியோடு இங்கே வசிக்கும் பொதுநலவாய நாட்டவருக்குப் பொதுத் தேர்தலில் வாக்கு உண்டு. இலங்கையும் இந்தியாவும் அதில் அடக்கம், மாணவர் விசாவும் அடக்கம். இங்கிலாந்தில் 2014இலிருந்து வீட்டுக்கு ஒரு படிவம் போதாது. ஒவ்வொருவரும் தானே பதிய வேண்டும், அண்ணையை நம்பிப் பயனில்லை. வாக்களிப்புக்குப் பன்னிரண்டு வேலை நாட்களுக்கு முன் பதிவு முடிந்துவிடும். 2023இலிருந்து படம் போட்ட அடையாள அட்டையும் வேண்டும். நம் நாட்டுக் கடவுச்சீட்டே போதும். ஆனால் பல்கலைக்கழக மாணவர் அட்டையை ஏற்கமாட்டார்கள். 2024 ஜூலையில் என் மருமகன் ஒருவன் அந்த அட்டையோடு போய்த் திரும்பி வந்து, மழையில் நனைந்து கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினான்.

செத்த மசோதா எழும்பாது என்று அண்ணை சொன்னாரே, அது ஒக்டோபருக்குள் எழும்பிவிட்டது. அதே அரசாங்கம் புதிய மசோதாவாகக் கொண்டுவந்து, 1993 ஜூலையில் சட்டமாக்கியது. புகலிடம் கேட்பவரின் கைரேகை எடுப்பது அதோடு வந்தது. எங்கள் வீட்டில் ஒருவன், இனிப் பயமில்லை, ஆட்சி மாறப் போகிறது என்று வழக்கறிஞரிடம் போவதை மார்ச் மாதம் முழுவதும் தள்ளிப்போட்டான். ஏப்ரல் 10 காலை, இரண்டு பஸ் மாறி அவரிடம் ஓடினான். முன்பதிவு மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. எனக்கு அடி வேறு இடத்தில் விழுந்தது. சுற்றுலா விசா மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யும் உரிமையையும் அந்தச் சட்டம் நீக்கியிருந்தது. 1994இல் அம்மா என்னைப் பார்க்க வருவதற்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். மேலே போகும் கதவு முந்தைய வருடமே சாத்தியாகிவிட்டது. கணிப்பைப் பார்த்து எந்த அலுவலையும் தள்ளிப்போடக் கூடாது என்று அதற்குப் பிறகு நான் யாருக்குச் சொன்னாலும், இந்தக் கதையைச் சொல்லாமல் சொன்னதில்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 1999 ஏப்ரலில் வந்தது, 3 பவுண் 60 பென்ஸ். அதற்குள் நான் பெற்றோல் நிலையத்தை விட்டுவிட்டேன்.

கருத்துக்கணிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. சந்தை ஆய்வுச் சங்கம் விசாரணை நடத்தி 1994இல் அறிக்கை தந்தது. கடைசி நேரத்தில் மனம் மாறியவர்கள், சரியாகத் தெரிவு செய்யப்படாத மாதிரிகள், பதில் சொல்ல மறுத்தவர்களில் கொன்சர்வேட்டிவ் ஆட்கள் அதிகம் இருந்தது என்று பல காரணங்கள். அதைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றையும் நான் சிகரெட் அட்டையில் செய்திருந்தேன். இரவு இரண்டு மணிக்குப் பெற்றோல் நிலையத்துக்கு வருபவர்களை மட்டும் கேட்டேன். சொந்த வீட்டில் போர்த்துக்கொண்டு தூங்குபவர் அந்த நேரத்தில் ஏன் வருகிறார்? பேசாதவர்களை விட்டேன். வெள்ளை வான்காரரைக் கேட்காமலே எழுதினேன்.

ஆகவே பேசாதவர் என்றால் கொன்சர்வேட்டிவ் என்று ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டேன். 1997இல் முதல் முறையாக வாக்களித்தேன். தொழிற்கட்சி அலை, மக்டொனல் ஹேய்ஸில் சுலபமாக வென்றார். அதில் சொல்ல ஒன்றுமில்லை. 2015 மே 7 அன்றுதான் என் விதி பலித்தது. கணிப்புகள் எல்லாம் இரு கட்சிகளும் சமம் என்றன. நண்பர்கள் வீட்டில் கூடியிருந்தோம், மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கொன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கமரோன் தனியாகவே வெல்வார் என்றேன். பொருளாதாரத்தை யார் கையில் கொடுப்பீர்கள் என்று கேட்டால் ஆட்கள் யார் பெயரைச் சொல்கிறார்கள், அதைப் பாருங்கள் என்றேன். சிரித்தார்கள். பத்து மணிக் கணிப்பு அவர் கட்சிக்கு 316 இடம் என்றது. லிபரல் டெமோக்ரட் மூத்தவர் பாடி அஷ்டவுன், இது உண்மையானால் என் தொப்பியையே தின்பேன் என்றார். மறுநாள் எல்லா முடிவும் வந்தபோது அது 330ஐ எட்டியிருந்தது. அன்று மதியத்துக்குள் மூன்று கட்சித் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள். அதற்குப் பிறகு எங்கள் நண்பர் வட்டத்தில் எனக்குச் சாத்திரியார் என்று பெயர். வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் உள்ளூர இனித்தது.

சாத்திரியாரின் ஆயுள் இரண்டு வருடம். 2017 ஏப்ரலில் கொன்சர்வேட்டிவ் பிரதமர் தெரேசா மே திடீரென்று தேர்தலை அறிவித்தார். கணிப்புகளில் அவர் இருபது புள்ளி அளவுக்குக்கூட முன்னால் நின்றார். மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் முதியோர் பராமரிப்புச் செலவுக்கு வீட்டின் பெறுமதியையும் கணக்கில் எடுப்போம் என்று எழுதி, நாலே நாளில் பின்வாங்கி, எதுவும் மாறவில்லை என்றும் சொன்னார். இடைவெளி சுருங்கியது. யூகோவ் நிறுவனம் தொகுதிவாரியாகக் கணக்கிட்டு, அவருக்குப் பெரும்பான்மை கிடைக்காது என்று எழுதியபோது கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். பேசாதவர்கள் இருக்கிறார்கள், பாருங்கள் என்றேன். என்னைப் போலவே சில கணிப்பு நிறுவனங்களும் 2015இல் பட்ட சூட்டை நினைத்து, இளைஞர்கள் வாக்களிக்க வரமாட்டார்கள் என்று அவர்களின் எடையைக் குறைத்துக் கணக்குப் போட்டிருந்தன. போன முறை இடறிய கல்லைப் பார்த்துக்கொண்டே நடந்து அடுத்த கல்லில் இடறுவது எனக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல என்பதில் ஒரு ஆறுதல்.

என் மகள் அப்போது கன்டர்பரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. மாணவர்கள் வீட்டு முகவரி, படிக்கும் இடத்து முகவரி இரண்டிலும் பதியலாம். பொதுத் தேர்தலில் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் வாக்களிக்கலாம். எங்கே போடுவது என்று தொலைபேசியில் கேட்டாள். "எங்கே போட்டாலும் ஒன்றுதான். ஹேய்ஸில் தொழிற்கட்சி எப்படியும் வெல்லும். கன்டர்பரி 1918இலிருந்து கொன்சர்வேட்டிவ். ரயிலுக்குக் காசு செலவழிக்காதே, ஆனால் கூழ் காய்ச்சுகிறோம், வந்தால் வா" என்றேன். அவள் வரவில்லை.

ஜூன் 8 இரவு பத்து மணி. கொன்சர்வேட்டிவுக்கு 314 என்றது திரை. பெரும்பான்மைக்கு 326 வேண்டும். நம்பாதீர்கள், விடியும்போது கூடும் என்றேன். நண்பர்கள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. நான் தூங்கிவிட்டேன். காலையில் கைபேசியில் மகளிடமிருந்து ஒரே ஒரு எண் வந்திருந்தது: 187. முப்பது வருடம் உறுப்பினராக இருந்த ஜூலியன் பிரேசியரை, தொழிற்கட்சியின் ரோசி டஃபீல்ட் அந்த வித்தியாசத்தில் வென்றிருந்தார். அழைத்தேன். அவளுடைய குரல் கம்மியிருந்தது, இரவெல்லாம் கத்தியிருக்கிறாள். அவர்கள் வீட்டில் ஆறு பேர். பதிவு முடிகிற மே 22ஆம் தேதியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டி, ஆறு பேரையும் அவளே பக்கத்தில் இருந்து பதிய வைத்திருக்கிறாள். ஒருத்திக்குப் பதிவில் கேட்கும் தேசியக் காப்புறுதி எண் தெரியாமல் தாயை நடு இரவில் எழுப்பிக் கேட்டார்களாம்.

அன்று பின்னேரம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இப்போது ரொறன்ரோவில், பேரப்பிள்ளைகளோடு. காது கொஞ்சம் மந்தம், அதனால் எல்லாவற்றையும் இரண்டு முறை சொன்னேன். "எத்தனை வித்தியாசம்?" என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "நாங்கள் அந்த வீட்டில் ஏழு பேர் இருந்தோம், என்ன?" என்றார்.

"ஏழு இல்லை அண்ணை, ஐந்து. இரண்டு பேரைத்தான் நீங்கள் எழுதிவிட்டீர்களே" என்றேன்.